பெயர் கேட்காத பெட்டி

எங்கள் கடையில், சூப் பானைக்கும் பழைய இசைத்தட்டு அடுக்குகளுக்கும் நடுவில் ஒரு கணினி இருக்கிறது. பலகையால் பெட்டி அடித்து, அதன்மேல் மஞ்சளும் ஊதாவுமாகப் பூக்கள் வரைந்து, உள்ளே திரையைப் பொருத்தியிருக்கிறார்கள். முதன்முதல் பார்த்தபோது கோயில் உண்டியல் என்று நினைத்தேன். கிட்டப் போனால் காசு போட வாய் இல்லை. எழுத்துப் பலகைதான் இருந்தது.

"எங்கள் கடை" என்று எழுதிவிட்டேன். உண்மையில் அது யாருடைய கடையும் அல்ல. நாங்கள் வந்து குடியேறிய நகரத்தில் பார்க்டேல் என்கிற பகுதியில், தெரு ரயிலான ஸ்ரீட்கார் நிற்கும் இடத்துக்கு முன்னால், தலை நரைத்த ஹிப்பிகளும் அவர்களுக்குப் பின் வந்த, மூக்கிலும் புருவத்திலும் வளையம் போட்டவர்களும் சேர்ந்து நடத்துவது. முன்பக்கம் பழைய புத்தகமும் இசைத்தட்டும் விற்கிறார்கள். பின்பக்கம் சைக்கிள் திருத்துகிறார்கள். சனிக்கிழமைகளில் சூப் கொடுக்கிறார்கள். முதலாளி என்று ஒருவரும் இல்லை. எதை முடிவு செய்வதென்றாலும் எல்லாரும் வட்டமாக இருந்து கதைப்பார்கள். ஒருவர் மறுத்தாலும் அந்த விஷயம் நடக்காது. சம்மதம் என்றால் இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை ஆட்டினால் போதும், வாய் திறக்கத் தேவையில்லை. அந்த இடம் எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

எனக்குக் கூச்சம் அதிகம். வெதுப்பகத்தில் கேட்டதற்குப் பதிலாக வேறு பணிஸைத் தந்தால், தந்ததையே வாங்கிக்கொண்டு வந்து சாப்பிடுவேன். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. வேலைக்குத் தேவையான ஆங்கிலம் இருக்கிறது. காலையில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் சமைக்கிறேன். அங்கேயும் மரக்கறிகளோடுதான் எனக்குப் பேச்சு.

ஒரு குளிர்காலத்தில் ஸ்ரீட்கார் வராமல் அந்தக் கடை வாசலில் நடுங்கிக்கொண்டு நின்றபோது, உள்ளேயிருந்து ஒரு வயதான அம்மா கதவைத் திறந்து கையைக் காட்டிக் கூப்பிட்டார். வெள்ளைப் பின்னல் இடுப்பு வரைக்கும் இருந்தது. என் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. ஒரு கத்தியும் ஒரு கூடை கரட்டும் தந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் சூப் வைப்பது நான்தான்.

அந்தப் பெட்டி அவருடையது. அதைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன்.

அவர் இளம்பெண்ணாக இருந்த காலத்தில், அவரோடு ஒரே வீட்டில் கூட்டமாக வாழ்ந்த நீளமுடிக்காரர்களுக்குக் கணினி என்றாலே வெறுப்பு. போர் நடத்துகிறவர்களும் வங்கிக்காரர்களும் வைத்திருக்கிற சாமான் அது என்பார்கள். "அப்படியானால் அதில் ஒன்று நமக்கும் வேண்டும்" என்று அவரும் இரண்டு நண்பர்களும் சொன்னார்கள். எங்கோ ஒரு கட்டிடத்தில் அறை நிறைய இருந்த பெரிய கணினியை யாரோ அவர்களுக்கு இரவல் கொடுத்தார்கள். அதிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக ஓர் இசைத்தட்டுக் கடைக்கு இணைப்பு எடுத்து, தட்டச்சு இயந்திரம் போன்ற ஒன்றை அங்கே வைத்தார்கள். அது போட்ட சத்தத்தில் பாட்டே கேட்காதாம். பிறகு மெத்தைத் துண்டு ஒட்டிய பெட்டிக்குள் அதை அடைத்து, கை விட இரண்டு துவாரம் வைத்தார்கள். யாரும் வந்து எழுதலாம், யாரும் வந்து தேடலாம். மேளம் அடிக்க ஆள் தேவை, மேற்குக் கரைக்குப் போகிற வான் வண்டியில் இடம் இருக்கிறது, வெள்ளைப் பூனையைக் காணவில்லை. இப்படியே கடை வாசல்வரை ஆட்கள் நின்றார்களாம்.

"பிறகு?" என்று கேட்டேன்.

"இரவல் கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்டார்கள்" என்றார். "பெட்டி மட்டும் மிஞ்சியது. அதற்குள் கொஞ்ச நாள் என் பூனை படுத்தது."

பிறகு வாழ்நாள் முழுக்கச் சம்பளத்துக்குக் கணினி வேலை செய்திருக்கிறார். ஓய்வு எடுத்ததும் இந்தப் பலகைப் பெட்டியைச் செய்தார். இது இணையத்தில் இல்லை. உள்ளே போக எண், கடவுச்சொல் எதுவும் கிடையாது. எழுதியது இந்தக் கடைக்குள் மட்டும்தான் இருக்கும். எழுதியவர் யார் என்று பெட்டியும் கேட்காது, கடையில் இருப்பவர்களும் கேட்கக்கூடாது. ஒவ்வொரு செய்திக்கும் கீழே, பதில் வந்தால் எத்தனை என்று காட்டும்.

பின்பக்கம் சைக்கிள் திருத்துகிறவருக்கு அந்தப் பெட்டி இருந்த மூலை வேண்டியிருந்தது. நாற்பது வயது வரும். கழுத்து வரைக்கும் பச்சை குத்தியிருப்பார், நல்ல மனுசன். யாரும் வைக்கலாம், யாரும் எடுக்கலாம் என்று ஒரு பொதுக் குளிர்சாதனப் பெட்டி வைக்க ஆசைப்பட்டார். வட்டக் கூட்டத்தில் அவர் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

"எல்லார் பொக்கெற்றிலும் ஒரு கணினி இருக்கிறது. ஒருத்தர் பொக்கெற்றிலும் சாப்பாடு இல்லை."

வெள்ளைப் பின்னல்காரி அவரைப் பார்த்துக் கேட்டார். "உன் பொக்கெற்றில் இருப்பது உனக்குத் தெரிந்தவர்களோடு கதைக்க. தெரியாத ஒருவரைச் சந்திக்க உன்னிடம் என்ன இருக்கிறது?"

"சூப்" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள், அந்த அம்மாவும் சிரித்தார். ஆனால் கூட்டம் முடியும்போது அந்த அம்மாவே ஒரு வழி சொன்னார். "வெளியே குவிந்திருக்கிற பனி கரையும் வரைக்கும் பார்ப்போம். அதற்குள் இந்தப் பெட்டி இரண்டு தெரியாத ஆட்களையாவது சேர்த்து வைக்காவிட்டால், நானே கழற்றி வீட்டுக்குக் கொண்டு போகிறேன்." எல்லாரும் விரல்களை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆட்டிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன். பூனை படுத்த பெட்டிதான் என் நினைவுக்கு வந்தது.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது எழுத்துப் பலகையில் சின்னச் சின்ன வெள்ளை ஒட்டுத்தாள்கள். அந்த அம்மா எங்கோ படம் பார்த்து, ஒவ்வொரு விசையிலும் தமிழ் எழுத்தைத் தன் கையால் வரைந்திருந்தார். 'ழ' கோழிக்குஞ்சு மாதிரி இருந்தது, 'ஞ' தலைகீழாக இருந்தது. திபெத்திய எழுத்தும் ஒரு மூலையில் ஒட்டியிருந்தார். இந்தப் பகுதியில் இருப்பவர்களின் மொழிகள் எல்லாவற்றையும் போடப்போகிறாராம். எனக்காகக் கதிரையைக் கொஞ்சம் இழுத்துவிட்டுப் போனார்.

யாரும் பார்க்காத நேரம் போய்க் கதிரையில் இருந்தேன். எனக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்டு நெடுங்காலம் ஆகிவிட்டது. யோசித்துப் பார்த்தால் ஒன்றுதான் வந்தது.

எங்கள் அடுக்குமாடியில் முன்பு நாங்கள் நாலு பெண்கள் சேர்ந்து முன்னூற்றிநாலு விளையாடுவோம். துணி தோய்க்கிற அறையில், இயந்திரம் சுற்றி முடியும் வரைக்கும். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அந்தச் சீட்டு விளையாட்டைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொன்னால், அதற்கு நாலு பேர் வேண்டும், எதிரே இருப்பவர் உங்கள் கூட்டாளி. மற்றச் சீட்டுகளை எல்லாம் வெட்டுகிற துரும்பு எது என்று ஒருவர் கவிழ்த்து மறைத்து வைப்பார். அந்த மேசையில் மட்டும் எனக்குக் கூச்சம் வராது. சீட்டைக் கையில் எடுத்தால் நான் வேறு ஆள். பிறகு மற்ற மூவரும் ஒவ்வொருவராக ஸ்காபரோ, ஏஜக்ஸ் என்று தூரத்துப் புறநகர்களில் வீடு வாங்கிப் போனார்கள். வீட்டுக்குள்ளேயே துணி தோய்க்கிற இயந்திரம் வந்துவிட்டது. என் கணவருக்கு ஆஸுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் தெரியாது.

ஒவ்வொரு விசையாகத் தேடி எழுதினேன். "முன்னூற்றிநாலு விளையாட ஆட்கள் தேவை. சனி பின்னேரம், இந்தக் கடையில். சூப் இருக்கும்."

எழுதிவிட்டுக் குசினிக்கு ஓடிவிட்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. வெளியே பனிக்குவியல் கறுத்து, குறைந்துகொண்டு வந்தது. என் செய்திக்குக் கீழே பதில் பூச்சியம். சைக்கிள்காரர் ஒருநாள் அளவு நாடாவோடு வந்து மூலையை அளந்தார். அந்த அம்மா நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தார்.

பிறகு ஒரு சனிக்கிழமை, வாடகைக் கார் ஓட்டுகிற ஒரு ராக்ஸி அண்ணை அவசரமாக உள்ளே வந்து கழிப்பறை எங்கே என்று கேட்டுப் போனார். திரும்பி வரும்போது திரையைக் கண்டார். குசினி யன்னலால் எனக்கு அவர் முகம் தெரிந்தது. முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சத்தமாக வாசித்தார்.

"என்னப்பா உது! தமிழெல்லோ!" யாரும் பக்கத்தில் இல்லை, தனக்குத்தானே சொன்னார். பிறகு அந்த அம்மாவிடம் ஆங்கிலத்தில் கேட்டார். "ஹூ ரோட் திஸ்?"

"இங்கே அதைக் கேட்பதில்லை" என்றார் அந்த அம்மா. "நீங்கள் பதில் எழுதலாம். எழுத்துகள் விசையில் இருக்கின்றன."

அண்ணை விசையைப் பார்த்தார். தலைகீழ் 'ஞ'வைப் பார்த்தார். "ஆரெண்டு தெரியாமல் எப்படிப் பதில் எழுதிறது? ஆள் ஆர், எந்த ஊர் எண்டு தெரிய வேண்டாமோ?" என்று தமிழில் திரையைக் கேட்டார். பிறகு கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் உருளைக்கிழங்கைத் தோலோடு பானைக்குள் போட்டுவிட்டேன்.

அந்தப் படம் வாட்ஸ்அப் குழுக்களில் போனது பிறகுதான் தெரிந்தது. என் சொந்தக்காரர் ஒருவர் எனக்கே அனுப்பினார், கீழே ஒரு கேள்வியோடு. "பார்க்டேலில் ஆரோ ஒரு அண்ணை சீட்டுக்கு ஆள் தேடுறாராம், உங்களுக்குத் தெரியுமோ?" தெரியாது என்று எழுதினேன். குழுவுக்குள் பெரிய சண்டை நடந்ததாம். முந்தித் தபால் கந்தோரில் வேலை செய்தவர்தான் என்று ஒருவர். இல்லை, அவர் கம்மாறீஸ் என்கிற மற்றச் சீட்டாட்டம் மட்டும்தான் விளையாடுவார் என்று இன்னொருவர். ஆனால் பதில் எழுத ஒருவரும் வரவில்லை. எங்கள் ஆட்கள் அப்படித்தான். யாரென்று தெரியாத ஒருவருக்கு எழுத்தில் பதில் கொடுக்க மாட்டார்கள். நேரில் வந்து ஆளைப் பார்ப்பார்கள்.

வந்தார்கள். பனிக்குவியல் ஒரு தலையணை அளவுக்கு வந்திருந்த சனிக்கிழமை, அன்று சூப் முடிந்ததும் வட்டக் கூட்டம். ராக்ஸி அண்ணையோடு, ஸ்காபரோப் பக்கம் வெக்ஸ்போர்ட்டிலிருந்து ஓர் அங்கிளும் அவருடைய மனைவியும் வந்தார்கள். அங்கிளுக்கு ஊர் மன்னார், அன்ரிக்குத் தீவுப் பக்கம். வந்தவுடனேயே இதை அந்த அம்மாவுக்கும் சொன்னார்கள், அவர் கேட்காமலே. அன்ரியின் கைப்பையில் சீட்டுக் கட்டு இருந்தது.

"எங்கை ஆள்?" என்றார் அங்கிள்.

"தெரியேல்லை அங்கிள். துரும்பைக் கவிட்டு வைச்சிட்டு ஆள் ஒளிச்சிருக்கிறார்" என்றார் ராக்ஸி அண்ணை.

"வராட்டில் நாங்கள் உவ்வளவு தூரம் வந்தது சூப் குடிக்கவோ?"

"குடியுங்கோவன்" என்றார் அன்ரி. "வெக்ஸ்போர்ட்டில ஆர் உங்களுக்குச் சூப் வைச்சுத் தாறது?"

நான்தான் கோப்பைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தலையை நிமிர்த்தவில்லை. அங்கிள் ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார். "மிளகும் சீரகமும் இடிச்சுப் போட்டிருக்கு. உது எங்கட ஆக்கள் வைச்ச சூப்." என்னைப் பார்த்தார். "பிள்ளை, நீங்கள் தமிழோ?"

"ஓம்."

"இதை எழுதின அண்ணையைத் தெரியுமோ?"

அண்ணை என்று கேட்டதால் தலையை ஆட்டித் தெரியாது என்றேன். அது பொய்யும் இல்லை. குசினிக்குத் திரும்பினேன். மூன்று பேரை வைத்துக்கொண்டு முன்னூற்றிநாலு விளையாட முடியாது. நாலாவது ஆள் பத்தடி தள்ளிக் கரண்டியோடு நிற்கிறாள். பானையைக் கிளறினேன்.

ராக்ஸி அண்ணை சுற்றிப் பார்த்துச் சைக்கிள்காரரைக் கூப்பிட்டார். அவர் கை கிறீஸைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பத்து நிமிசத்தில் விளையாடப் பழகலாம்" என்று அண்ணை ஆங்கிலத்தில் சொன்னது பெரிய பொய். சைக்கிள்காரர் அன்ரிக்கு எதிரே இருந்தார், அன்ரியின் கூட்டாளியாக. ஜாக்தான் பெரியது, அதற்குப் பிறகு ஒன்பது, ராசா ஒன்றுக்கும் உதவாதவன் என்று சொன்னபோது அவருக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. "இது நல்ல அரசியல்" என்றார்.

ஆனால் விளையாடினது படுமோசம். அன்ரி துரும்பு கவிழ்த்து வைத்து, கண்ணாலேயே அவரைத் திட்டிக்கொண்டு இருந்தார். நான் மேசை துடைக்கிற சாட்டில் கிட்டப் போனேன். பிறகு துடைப்பதை நிறுத்திவிட்டேன். துரும்பு அதற்குள் திறந்தாயிற்று, இந்தச் சுற்றில் அன்ரி ஒரு பெரிய சீட்டைப் போட்டிருந்தார். மேசையில் விழுந்த சீட்டெல்லாம், அந்தப் பிடி, அன்ரிக்குத்தான், உறுதி. கடைசியாகப் போடவேண்டியது சைக்கிள்காரர். அவர் கையில் துரும்பு ஒன்றை உருவினார். தன் கூட்டாளியின் பிடியைத் தானே வெட்டப் போகிறார்!

"ஐயோ, அதால வெட்டாதேங்கோ!"

கடை முழுக்கக் கேட்டது. என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. சைக்கிள்காரருக்குத் தமிழ் விளங்காததால் நிம்மதியாக வெட்டினார்.

"பாத்துக்கொண்டு நிக்கிற ஆக்கள் வாய் திறக்கப்படாது!" என்றார் அங்கிள்.

"பொடியனுக்கு விளங்கேல்லைத்தானே, பிறகென்ன?" என்றார் அன்ரி. பிறகு என் பக்கம் திரும்பி, என் கையில் இருந்த துணியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "நீர்தானே எழுதினது?"

நான் துணியை நாலாக மடித்தேன்.

"எனக்கு அப்பவே தெரியும். சூப் இருக்கும் எண்டு ஆம்பிளை எழுதுவானோ? அவங்கள் சூப் இருக்கோ எண்டெல்லோ கேப்பாங்கள்!"

ராக்ஸி அண்ணை மேசையில் அடித்துச் சிரித்தார். "அக்கா, நாலு கிழமையா உங்களை அண்ணை ஆக்கி, தபால் கந்தோரிலையும் வேலைக்குச் சேர்த்துப் போட்டம்!"

சைக்கிள்காரர் எழும்பித் தன் கதிரையை எனக்குத் தந்தார். சீட்டுகளையும் தந்தார், கிறீஸ் அடையாளத்தோடு. நான் இருந்தேன். அதற்குப் பிறகு என்ன கதைத்தேன் என்று எனக்கு முழுதாக நினைவில்லை. நிறையக் கதைத்தேன். அங்கிளை ஒரு முறை "சீட்டை ஒளிக்காதேங்கோ" என்றுகூடச் சொன்னேன். அவர் அதை இன்றுவரைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

வட்டக் கூட்டத்துக்கு நேரமாகியும் நாங்கள் எழும்பவில்லை. அதனால் கூட்டம் எங்களைச் சுற்றியே நடந்தது. சைக்கிள்காரர் தன் பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்தவர். பெட்டியிடம் போய், என் செய்தியைத் திறந்து காட்டினார்.

"பதில் பூச்சியம்" என்றார். எங்கள் மேசையைப் பார்த்தார். "ஆனால் பதில்கள் இந்த மேசைக்கே வந்து என்னைத் தோற்கடித்துவிட்டன."

"அதைக் கைபேசிகள்தானே பரப்பின?" என்று யாரோ கேட்டார்கள்.

வெள்ளைப் பின்னல்காரி திரையில் இருந்த தூசைக் கையால் துடைத்தார். விடை சொன்னது சைக்கிள்காரர்தான். "கைபேசியில் அவர் இதை எழுதியிருக்க மாட்டார்." என்னைக் காட்டித்தான் சொன்னார். உண்மை. பெயரையும் படத்தையும் போட்டு நான் ஒருபோதும் ஆள் கேட்டிருக்க மாட்டேன்.

குளிர்சாதனப் பெட்டியைத் தன் பழைய சைக்கிள் ரயர்கள் இருந்த சுவரோரம் வைக்கலாம், ரயர்கள் நிலவறைக்குப் போகட்டும் என்று அவரே சொன்னார். எல்லாரும் விரல்களை ஆட்டினார்கள். இது என்ன என்று அங்கிள் கேட்டார். சம்மதம் என்று அர்த்தம் என்றேன். அவர் சீட்டுகளை மேசையில் வைத்துவிட்டு, பரதநாட்டியம் மாதிரி இரண்டு கைகளையும் ஆட்டினார். அப்போது அன்ரி அவருடைய சீட்டுகளை எட்டிப் பார்த்துவிட்டார்.

அன்று பின்னேரமே, சைக்கிள்காரர் பின்பக்கம் வாங்கி வைத்திருந்த குளிர்சாதனப் பெட்டியை நகர்த்தினார்கள். ராக்ஸி அண்ணையும் சைக்கிள்காரரும் தள்ள, அங்கிள் "கொஞ்சம் இஞ்சால, கொஞ்சம் அங்கால" என்று தமிழிலேயே கட்டளை கொடுத்தார். எப்படியோ சரியான இடத்தில் வந்து நின்றது. மிஞ்சின சூப்தான் அதற்குள் முதல் போனது.

போகும்போது ராக்ஸி அண்ணை கேட்டார். "அடுத்த கிழமை இன்னும் கொஞ்சப் பேர் வருவினம். அதை உந்தப் பெட்டியில போட வேணுமெல்லோ?"

"போடுங்கோ" என்றேன்.

"எனக்கு உதில எழுத வராது. நீங்கள் எழுதுங்கோ, நாங்கள் சொல்லுறம்."

நான் கதிரையில் இருந்தேன். வெள்ளைப் பின்னல்காரி பின்னால் வந்து நின்றார். அங்கிள், முதலில் எல்லாருடைய ஊரையும் போடச் சொன்னார். அன்ரி, ஊர் வேண்டாம், வடை கொண்டுவாறன் என்று போடச் சொன்னார். சைக்கிள்காரர், பழகுகிற ஆட்களுக்கும் இடம் உண்டு என்று போடச் சொன்னார். ராக்ஸி அண்ணையோடு சேர்த்து நாலு பேரும் ஒரேயடியாகக் கதைத்தார்கள். நான் கோழிக்குஞ்சு மாதிரி இருந்த 'ழ'வைத் தேடிப் பிடித்து, என் செய்திக்குக் கீழே முதலாவது பதிலை எழுதினேன்.

"ஆட்கள் கிடைத்துவிட்டார்கள். பழகுகிறவர்களும் வரலாம். இன்னொரு மேசைக்கு நாலு பேர் தேவை. சூப்பும் வடையும் இருக்கும்."